பட்டாசுக் கடன்

கேள்வி: அமெரிக்காவில் ஒரு பையன் பட்டாசு வீசிக் காடு எரிந்துபோனதற்கு 3.66 கோடி டாலர் அபராதமாமே? ஒரு பட்டாசுக்கு இவ்வளவா? அவன் எப்படிக் கட்டுவான்?
– பெயர் வேண்டாம், துறையூர்

பதில்: பச்சைமலை அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு, பெயரையும் மறைத்து, காடு எரிந்தால் என்ன ஆகும் என்று விசாரிக்கிறீர்கள். இந்தப் பக்கம் ரேஞ்சர் கண்ணில் படாமலிருக்கக் கடவது. அந்தப் பையன் பெயரும் வெளியே வரவில்லை. கொலை மிரட்டல் வந்ததால் நீதிமன்றமே மறைத்துவிட்டது. உங்களுக்கு என்ன பயமோ!

சங்கதி இதுதான். 2017 செப்டம்பர் 2, ஒரிகன் மாநிலம், கொலம்பியா நதிப் பள்ளத்தாக்கில் ஈகிள் கிரீக் மலைப்பாதை. காடு காய்ந்து கிடந்த நேரம். 15 வயதுப் பையன் புகைப் பட்டாசு ஒன்றைக் கொளுத்திப் பள்ளத்தில் எறிந்தான். கூட வந்தவர்களில் ஒருவர் போனில் படம் பிடித்தார். எரிந்தது சுமார் 48,000 ஏக்கர். மலையேற வந்த 150 பேருக்கு மேல் ராத்திரி முழுக்கக் காட்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். தீப்பொறி ஆற்றையே தாண்டி எதிர்க்கரை வாஷிங்டன் மாநிலத்திலும் பற்றியது.

அவனுக்கு விதித்தது அபராதம் இல்லை, இழப்பீடு. அபராதம் என்றால் கஜானாவுக்குப் போகும், சட்டம் அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கும். இழப்பீடு என்பது நஷ்டப்பட்டவர்கள் கொண்டுவந்த பில்களின் கூட்டுத்தொகை. 2018 மே மாதம் கூட்டிப் பார்த்தபோது வந்தது 3,66,18,330 டாலர் 24 சென்ட். வனத்துறைக்கு 2.11 கோடி, மாநிலப் போக்குவரத்துத் துறைக்கு 1.25 கோடி, யூனியன் பசிபிக் ரயில்வேக்கு 10 லட்சத்துச் சொச்சம் என்று இறங்கி, தனியார் வரை பட்டியல் போகிறது. மூன்றரைக் கோடிக்கு மேல் எழுதிவிட்டு, அந்த 24 சென்ட்டையும் விடாத குமாஸ்தாவை நான் மனதார வணங்குகிறேன். நம் தாலுகா ஆபீஸ்களுக்கு அவரைப் போல் ஆளுக்கு ஒருவர் வேண்டும்.

இந்தத் தொகை அபத்தம் என்று பையனின் வக்கீல் வாதாடினார். நடந்த சேதத்துக்கு மேல் ஒரு காசும் கேட்கவில்லையே, அப்புறம் எப்படி அதிகம் என்றார் நீதிபதி.

எப்படிக் கட்டுவான்? தவணையில். மாதம் 1,000 டாலர், வட்டியில்லாமல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 3,051 வருடம் வருகிறது. ஆதிச்சநல்லூரில் கிடைத்த பொருளின் காலம் கி.மு. 905 வரை போகிறது. அந்தக் காலத்து ஆள் ஒருவர் முதல் தவணையைக் கட்டிவிட்டுத் தாழிக்குள் போயிருந்தாலும், இன்றைக்கும் நூறு வருடத்துக்கு மேல் பாக்கி நிற்கும். அந்த 905 என்ற எண் வெளியே வந்த கதை தெரியுமோ? 2004-05ல் தோண்டினார்கள். காலக் கணிப்பு முடிவு உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு வந்து சேர்ந்தது 2019ல். எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆறாது, எழுதிக்கொண்டுதான் இருப்பேன். சரி, காட்டுக்குத் திரும்புவோம்.

பையன் 3,051 வருடம் உயிரோடிருக்க வேண்டியதில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பு ஐந்து வருடம். அதை ஒழுங்காக முடித்து, வேறு குற்றம் எதிலும் சிக்காமல், தவணையும் தவறாமல் கட்டிவந்தால், பத்து வருடத்துக்குப் பிறகு மீதியை நிறுத்திக்கொள்ளலாம் என்று தீர்ப்பிலேயே வழி இருக்கிறது. தலைப்புப் போட்டவர்கள் இந்த வரிக்கு வருவதற்குள் மை தீர்ந்துவிட்டது போலும். இது போக, வனத்துறையிடம் 1,920 மணி நேரச் சமூகசேவை. நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் 240 நாள். சிறை இல்லை.

ஏன் சிறை இல்லை? தீ எவ்வளவு பெரிது என்பது பில்லுக்குத்தான் கணக்கு. என்ன குற்றம் என்று முடிவு செய்வது, கொளுத்தும்போது மண்டைக்குள் என்ன ஓடியது என்பதுதான். உதாரணத்துக்குப் பக்கத்து மாநிலமான கலிபோர்னியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் தண்டனைச் சட்டத்தில் 451ஆம் பிரிவு, கெட்ட எண்ணத்தோடு கொளுத்தியவனுக்கு. காட்டு நிலம் என்றால் 2, 4 அல்லது 6 வருடம். 452, ஆபத்து என்று தெரிந்தும் அலட்சியமாக இருந்தவனுக்கு. அதே காட்டு நிலத்துக்கு 16 மாதம், 2 அல்லது 3 வருடம், அல்லது கவுண்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) சிறையில் ஆறு மாதத்துக்குள். வேண்டுமென்றே வைத்த தீயில் ஆள் செத்தால் கதையே வேறு. 2006ல் எஸ்பெரான்சா தீயில் தீயணைப்பு வீரர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். வைத்தவனுக்கு 2009ல் மரண தண்டனை விதித்தார்கள்.

அலட்சியத்துக்கு உதாரணம் 2020 செப்டம்பர் 5, அதே கலிபோர்னியாவில் யுகைபா என்ற ஊரின் பூங்கா. பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று வண்ணப் புகை விட்டு அறிவிக்கும் கொண்டாட்டம். (நம்மூரில் இதைச் செய்தால் புல் பற்றுவதற்கு முன்பே, கருவின் பாலினத்தைச் சொல்லத் தடை போட்ட 1994ஆம் வருடச் சட்டம் வந்து வாசலில் நிற்கும்.) பாட்டில் தண்ணீரை ஊற்றிப் பார்த்தார்கள், அணையவில்லை. 22,000 ஏக்கருக்கு மேல் போயிற்று, தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். 2024ல் கணவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒரு வருடம் கவுண்ட்டி சிறை, இரண்டு வருடம் கண்காணிப்பு, 200 மணி நேரச் சேவை. மனைவிக்குச் சிறையில்லை, 400 மணி நேரச் சேவை. இழப்பீடு 17,89,972 டாலர்.

நம் தினசரிகளாக இருந்தால் இரண்டு வழக்கிலும் தீ வைத்தது 'மர்ம நபர்கள்'தான். இந்த மர்ம நபர்களோடு எனக்கு நெடுநாள் பகை. கோடை வந்தால் மலையில் அவர்களைத் தவிர வேறு யாருமே நடமாடுவதில்லை. மர்மத்தை உடைக்கத் தீயின் தடயம் தேடும் விசாரணையாளர்களிடம் ஒரு முறை இருக்கிறது. வெந்த இடத்தின் ஓரத்திலிருந்து உள்ளே நடந்து, தீ முன்னேறிய இடத்தில் சிவப்புக் கொடி, பக்கவாட்டில் பரவிய இடத்தில் மஞ்சள், காற்றை எதிர்த்துப் பின்வாங்கிய இடத்தில் நீலம் என்று நட்டுக்கொண்டே வருவார்கள். மெதுவாகப் பின்வாங்கும் தீ புல்லின் அடியை மட்டும் கருக்கும். சாயும் தண்டின் நுனி தீ வந்த பக்கத்தைக் காட்டும். பாறையில் தீ பட்ட பக்கம் மட்டும் கறை பிடிக்கும். கொடிகள் சேர்ந்து சுருங்கும் சின்ன இடத்தில் முழங்கால் போட்டுத் தேடுவார்கள். சிகரெட் துண்டே கிடைத்தாலும் உடனே நம்புவதில்லை. காற்றின் ஈரப்பதம் 22 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சிகரெட்டில் காடு பற்றுவது அரிது. நம்மூரில் தீயணைக்கப் போகிறவர்களே அந்த இடத்தை மிதித்துத் துவைத்துவிட்டு, சாயங்காலம் நிருபரிடம் "பீடித் துண்டாக இருக்கலாம்" என்கிறார்கள்.

பையனுக்காக அழுகிறீர்களே, பிஜிஅண்டுஇ என்ற கலிபோர்னியா மின் கம்பெனியைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 2018 நவம்பர் 8. கோபுரத்தில் கம்பியைத் தாங்கிய நூறு வருடப் பழைய இரும்புக் கொக்கி தேய்ந்து தேய்ந்து அறுந்தது. உருகிய உலோகம் காய்ந்த புல்லில் சொட்டியது. பாரடைஸ் என்ற ஊரே போயிற்று. 85 பேர் செத்தார்கள். 2020ல் கம்பெனியின் தலைவர் நீதிமன்றத்தில் நின்று, வழக்கில் சேர்த்திருந்த 84 மரணங்களுக்கும் ஒவ்வொன்றாக "குற்றவாளி" என்றார். மனிதனாக இருந்திருந்தால் 90 வருடம் கொடுத்திருப்பேன் என்றார் நீதிபதி. கம்பெனிக்கு ஏது ஜெயில்? அபராதம் சுமார் 35 லட்சம் டாலர், சட்டத்தின் உச்சவரம்பே அவ்வளவுதான். நஷ்டப்பட்டவர்களுக்கு 1,350 கோடி டாலர் தனியாக ஒதுக்கினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அதில் பாதி அந்தக் கம்பெனியின் பங்குகள்!

கடைசியாக நம் 1927ஆம் வருட இந்திய வனச் சட்டம். காப்புக்காட்டில் தீ வைத்தால் 26ஆம் பிரிவு எழுதிவைத்தது ஆறு மாதம், அல்லது 500 ரூபாய், அல்லது இரண்டும். சேதத்துக்கு ஈடு தனி. சில மாநிலங்கள் தொகையை ஏற்றின. தமிழ்நாட்டில் அதற்கும் மூத்த 1882ஆம் வருடச் சட்டம் ஒன்று நடப்பில் இருக்கிறது, அதைத் தனியாகக் கேளுங்கள். 26லேயே மூன்றாம் உட்பிரிவைத்தான் யாரும் படிப்பதில்லை. வேண்டுமென்றோ பெரும் அலட்சியத்தாலோ தீ வந்தால், அந்தக் காட்டில் மேய்ச்சல் உரிமை, சுள்ளி பொறுக்கும் உரிமை எல்லாவற்றையும் அரசு விரும்பும் காலம் வரை நிறுத்திவைக்கலாம். வைத்தது மர்ம நபராக இருந்தாலும், ஆடு யாருடையது என்று வனத்துறைக்கு நன்றாகத் தெரியும்.