முன்மூளை அடிபட்டால் எலிக்கு நினைவு போய்விடுமா?

முழுதாகப் போகாது. பழகிய பழைய பாடம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தடுமாறுவது, அந்த நேரத்துக்கு மட்டும் மனதில் வைத்திருக்க வேண்டியது. டி எழுத்து வடிவப் பாதையில் போன முறை இடப்பக்கம் போயிருந்தால் இந்த முறை வலப்பக்கம்தான் தீனி. நடுவில் சில விநாடி காக்க வைத்தால், முன்மூளையின் உட்பக்கம் சேதமான எலி குழம்பிப் போகும்.

கவனத்துக்கு வேறு சோதனை: ஐந்து துளைகளில் ஒன்றில் விளக்கு சட்டென்று மின்னும், அங்கே மூக்கை நுழைக்க வேண்டும். சேதமான எலி தவறவிடும், தாமதிக்கும்.

எனக்குச் சுவாரசியமானது 2000-இல் பிரெல், பிரவுன் வெளியிட்ட ஆய்வு. கிண்ணத்தின் வாசனையைப் பார்த்துத் தீனி தோண்டப் பழகிய, இதே சேதமுள்ள எலிகளுக்குப் புதிய வாசனைகள் சிரமமில்லை. வாசனையை விட்டு, உள்ளே நிரப்பிய பொருளைக் கவனிக்க வேண்டியபோதுதான் திணறின.