முதலில் பாட்டைச் சொல்லுங்கள், பிறகு கருவி

மவுத் ஆர்கன், டின் விசில், ரெக்கார்டர் என்று சட்டைப் பையில் அடங்கும் காற்று வாத்தியங்களைப் பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "எந்தக் கம்பெனி நல்லது?" என்பதுதான். என்ன வாசிக்கப் போகிறீர்கள், எந்தச் சுருதியில், யாரோடு சேர்ந்து என்பதெல்லாம் தெரியாமல் கம்பெனி பெயர் சொல்வது, காலளவு கேட்காமல் செருப்பு எடுத்துக் கொடுப்பது போன்றது. ஆகவே அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருக்கிறேன்.

சேலம், கல்லூரி மாணவர்: அண்ணா, கடையில் மூன்று வித மவுத் ஆர்கன் காட்டினார்கள். பத்துத் துளை, இருபத்து நான்கு துளை, பக்கத்தில் பொத்தான் வைத்தது. பழைய சினிமாப் பாட்டு வாசிக்க எது வேண்டும்?

தம்பி, மூன்றும் மூன்று வாத்தியங்கள். உருவம்தான் ஒன்று போலத் தெரிகிறது.

பத்துத் துளை என்பது டயடோனிக். ஒவ்வொரு துளையிலும் ஊதினால் ஒரு சுரம், இழுத்தால் ஒரு சுரம், ஆக 20 ரீடு (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோக நாக்கு). அமெரிக்க ப்ளூஸ்காரர்கள் கையில் இருப்பது இதுதான். சி சுருதிக் கருவியில் 4ஆம் துளையிலிருந்து 7ஆம் துளை வரை ஒரு முழு ஸ்தாயி குறைவில்லாமல் கிடைக்கும். கீழ் ஸ்தாயியில் மத்தியமமும் தைவதமும் இல்லை, மேல் ஸ்தாயியில் நிஷாதம் இல்லை. இது தயாரிப்புக் குறை இல்லை. வாய் வைத்த இடத்திலெல்லாம் கோர்டு, அதாவது பல சுரம் இணைந்த ஒலி, ஒலிக்க வேண்டும் என்பதற்காக அப்படி அமைத்தார்கள். தெரியாமல் வாங்கியவர்கள் "என் கருவியில் இரண்டு சுரம் வரவில்லை" என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறார்கள்.

இருபத்து நான்கு துளை ட்ரெமோலோ. ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு ரீடு, ஒன்றை மற்றதைவிட இம்மியளவு ஏற்றிச் சுருதி சேர்த்திருப்பார்கள். அதனால் ஒலி அலையலையாக நடுங்கி வரும். நேரான, இனிமையான மெட்டுகளுக்குப் பொருந்தும். ஆனால் ஒரு சுரத்தை வளைக்கவோ, நடுவில் ஓர் அந்நிய சுரத்தைத் தொடவோ முயன்றால் கைவிட்டுவிடும்.

பொத்தான் வைத்தது குரோமாட்டிக். 12 துளை, 48 ரீடு. பொத்தானை அழுத்தினால் எல்லாச் சுரமும் அரைச் சுரம் ஏறும். பன்னிரண்டு சுரமும் கையில் இருக்கும். பழைய சினிமாப் பாட்டில் பல்லவி ஒரு வழியிலும் சரணம் வேறு வழியிலும் போவது சகஜம். அதற்கு இதுதான். விலை அதிகம். பணம் சேரும் வரை காத்திருந்து இதையே வாங்குங்கள் என்பேன்.

கும்பகோணம், பாட்டு கற்கும் ஒருவர்: டயடோனிக் மவுத் ஆர்கனில் சரளி வரிசை வாசிக்க முடியுமா? முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

முடியும். இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கர்நாடக இசையின் ஆரம்பப் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில். சுத்த ரிஷபமும் சுத்த தைவதமும் வேண்டும். சி கருவியில் 4ஆம் துளையை இழுத்தால் சதுச்ருதி ரிஷபம், 6ஆம் துளையை இழுத்தால் சதுச்ருதி தைவதம். இரண்டும் அரைச் சுரம் அதிகம். இங்கேதான் பெண்டிங் உதவுகிறது. இழுக்கும்போது நாக்கின் நிலையை மாற்றி, வாய்க்குள் இருக்கும் இடத்தை மாற்றினால் சுரம் இறங்கும். 4, 6 இரண்டு துளைகளிலும் இழுப்புச் சுரம் சரியாக அரைச் சுரம் இறங்கக் கூடியது. நமக்கு வேண்டிய இரண்டும் அங்கேயே இருக்கின்றன! அந்தர காந்தாரம் 5இல் ஊதினால், மத்தியமம் 5இல் இழுத்தால், பஞ்சமம் 6இல் ஊதினால், காகலி நிஷாதம் 7இல் இழுத்தால்.

பெண்டிங் சுத்தமாக நிற்பதற்குப் பல மாதம் ஆகும். தம்பூராப் பெட்டியைப் போட்டுக்கொண்டு பழகுங்கள், இல்லாவிட்டால் ரிஷபம் எங்கேயோ மிதந்துகொண்டிருக்கும். குரோமாட்டிக்கில் இதே இரண்டு சுரங்களும் பொத்தானை அழுத்தியபடி ஸவையும் பவையும் ஊதினால் கிடைத்துவிடும். எளிது, ஆனால் சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கி அசைந்து செல்லும் கமகம் அதில் குறைவு. பித்தளை நாக்கு தன் சுருதியை விட்டு அசைய விரும்பாது. துளையின் மேல் இருக்கும் விரல் அசையும். ரீடு வாத்தியத்துக்கும் குழலுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். கமகம்தான் உயிர் என்று நினைப்பவர் குழல் பக்கம் போவது நல்லது.

திருச்சி, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்: என் மனைவி 5 கட்டையில் பாடுவார். கூட வாசிக்க சி மவுத் ஆர்கன் சரிவருமா?

சி என்பது 1 கட்டை. டி 2, எஃப் 4, ஜி 5, ஏ 6. உங்களுக்கு வேண்டியது ஜி. வழக்கமான டயடோனிக் வரிசையில் ஜி-தான் ஆகக் கனமான சுருதி, குரலோடு சேர்த்து வாசிக்க இதமாக இருக்கும். அம்மா ஐந்தரையில் பாடினால் ஏ ஃப்ளாட் கேளுங்கள். கடையில் இருப்பது சி ஒன்றுதான் என்றால், சி-யை வாங்கிக்கொண்டு அவரை இறங்கிப் பாடச் சொல்லாதீர்கள்.

மதுரை வாசகர்: சார், சுற்றி வளைக்காமல் மவுத் ஆர்கன் கம்பெனி பெயரைச் சொல்லுங்கள்.

சரி. ஜெர்மனியின் ட்ராசிங்கன் ஊரில் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரக்காரர் 1857இல் தொடங்கியது ஹோனர். அவர்களுடைய மரைன் பேண்ட் 1896 முதல் இருக்கிறது. அதன் நடுச் சட்டம் பேரி மரம். ஈரம் பட்டால் மரம் உப்பும், கடலோர ஊர்க்காரர்கள் இதை யோசிக்க வேண்டும். அதே கம்பெனியின் ஸ்பெஷல் 20 பிளாஸ்டிக் சட்டம், முதல் கருவிக்கு நான் சொல்வது அது. ஜப்பானின் சுசூகி, டோம்போ தயாரிக்கும் லீ ஆஸ்கர், ஜெர்மனியின் சைடல் ஆகியவையும் நம்பி வாங்கத் தக்கவை. லீ ஆஸ்கரில் ரீடு தகட்டைத் தனியாக வாங்கி மாற்றிக்கொள்ளலாம்.

கடையில் வாய் வைத்து ஊத விடமாட்டார்கள், அது நியாயம். சோதிப்பதற்கென்று சின்னத் துருத்தி வைத்திருக்கும் கடைகள் உண்டு, கேளுங்கள். எல்லாத் துளையிலும் ஊதல், இழுப்பு இரண்டும் ஒலிக்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள். பொம்மைக் கடை மவுத் ஆர்கனில் கற்கத் தொடங்குவது வீண். காற்று நாலா பக்கமும் கசியும், கற்பவர் தனக்கு மூச்சு போதவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

கோயம்புத்தூர், ஒரு தாய்: மகளுக்கு ஒன்பது வயது. புல்லாங்குழல் வாங்கிக் கொடுத்தோம், சத்தமே வரவில்லை என்று அழுகிறாள். டின் விசில் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். புல்லாங்குழலில் உதட்டால் காற்றை ஒரு விளிம்பில் சரியாக மோத விட வேண்டும், சின்னக் குழந்தைக்கு அதுவே பெரிய மலை. விசிலில் அந்த வேலையை வாய்த்துண்டே செய்துவிடுகிறது. ஊதினால் ஒலிக்கும். ஆறு துளை, இரண்டு ஸ்தாயி. டி சுருதி விசிலே வாங்குங்கள். பாடப் புத்தகமும் காணொளியும் பெரும்பாலும் அதற்குத்தான்.

ஐரிஷ் வாத்தியம் என்று பெயர் வாங்கியிருந்தாலும் இதைத் தகரத்தில் செய்து பரப்பியவர் இங்கிலாந்தின் சஃபோக்கைச் சேர்ந்த ராபர்ட் கிளார்க் என்ற பண்ணைத் தொழிலாளி, 1843இல். இன்றும் கிளார்க் விசில் கூம்பு வடிவத் தகரத்தில், மரக்கட்டை அடைப்போடு வருகிறது. ஒலியில் மூச்சுக் காற்று கலந்திருக்கும், எனக்கு அது பிடிக்கும். ஜெனரேஷன், டப்ளினின் ஃபெடோக் ஆகியவை நேர்குழாய், ஒலி தெளிவு.

ஒன்று சொல்லிவிடுகிறேன். விசில் கற்றால் புல்லாங்குழல் தானாக வந்துவிடாது. விரல் பழகும், உதடு பழகாது. கர்நாடகக் குழலில் எட்டுத் துளை, மேல் இரண்டை மூடினால் ஷட்ஜம். விசிலில் ஆறையும் மூடினால்தான் அதன் ஆதார சுரம். பிறகு குழலுக்கு மாறும்போது அவள் கொஞ்சம் குழம்புவாள், குழந்தைகள் சீக்கிரம் தெளிந்துவிடுவார்கள். திருவிழாவில் கம்பில் செருகி விற்கும் மூங்கில் ஊதலை மட்டும் பாடம் கற்க வாங்காதீர்கள். துளைகள் அழகுக்குப் போட்டவை.

யாழ்ப்பாணம், இசை ஆசிரியர்: ஒரே டி விசிலில் எத்தனை மேளம் வாசிக்கலாம்?

கிரகபேதம், அதாவது அதே சுரங்களில் ஸ-வை இடம் மாற்றி வேறு மேளம் (தாய் ராகம்) காண்பது, தெரிந்தவர் கேட்கும் கேள்வி இது. ஆறையும் மூடிய இடத்தை ஸ என்று வைத்தால் சங்கராபரணம். ஐந்து மூடிய இடம் ஸ என்றால் கரகரப்ரியா, நான்கு என்றால் தோடி, மூன்று என்றால் கல்யாணி, இரண்டு என்றால் அரிகாம்போதி, ஒன்று என்றால் நடபைரவி. இவற்றுக்குத் துளையைப் பாதி மூடும் வேலையே வேண்டாம். இது மேளத்தின் சுரவரிசைதான், ராகம் இல்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாணவர்களுக்குக் கிரகபேதத்தைக் காதால் புரிய வைக்க இதைவிட மலிவான கருவி கிடைக்காது.

சென்னை, அடுக்குமாடிக் குடியிருப்பு வாசி: மேல் ஸ்தாயியில் என் விசில் அலறுகிறது. பக்கத்து வீட்டில் கதவைத் தட்டிவிட்டார்கள்.

டி விசிலின் மேல் ஸ்தாயி அப்படித்தான், பக்கத்து வீட்டார் மேல் தப்பில்லை. ஆனால் கூடுதலாகக் கிறீச்சிட்டால் வாய்த்துண்டைத் திருப்பிப் பாருங்கள். பிளாஸ்டிக் வாய்த்துண்டில் காற்றுப்பாதைக்குக் கீழே, ஒலி வெட்டும் ஜன்னலை ஒட்டி ஒரு வெற்றுப் பள்ளம் இருக்கும். சுவரொட்டிகள் ஒட்டும் மெழுகுப் பசையால் அதை நிரவிவிட்டால் பல விசில்கள் அடங்கிவிடும். சுருதி சேராவிட்டால், வாய்த்துண்டைச் சிறிது நேரம் சுடுநீரில் வைத்துத் திருகுங்கள், பசை விட்டு நகரும். கொதிக்கும் நீர் கூடாது, பிளாஸ்டிக் கோணிவிடும்.

டொரோண்டோ, மென்பொருள் ஊழியர்: லோ விசில் கேட்டதிலிருந்து மயங்கிக் கிடக்கிறேன். முதல் கருவியாக வாங்கலாமா?

வேண்டாம். லோ டி சாதாரண விசிலைவிட ஒரு ஸ்தாயி கீழே, நீளம் கிட்டத்தட்ட இரு மடங்கு. விரல் நுனியால் துளையை மூட எட்டாது, விரலின் நடுப்பகுதியால் மூட வேண்டும். காற்றும் நிறைய கேட்கும். முதலில் சின்ன விசிலில் ஆறு மாதம் இருங்கள்.

மயக்கத்துக்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஃபின்பார் ஃபியூரி என்ற ஐரிஷ் இசைக்கலைஞர் ஓர் இந்திய மூங்கில் விசிலை வைத்திருந்தார். அது உடைந்துபோக, விசில் தயாரிப்பாளர் பெர்னார்ட் ஓவர்டன் பழுது பார்க்க முயன்று, முடியாமல், 1971இல் அலுமினியத்தில் ஒன்று செய்துகொடுத்தார். இன்றைய லோ விசிலின் தொடக்கம் அதுதான்.

தஞ்சாவூர், பள்ளி ஆசிரியை: வகுப்புக்கு முப்பது ரெக்கார்டர் வாங்க வேண்டும். ஜெர்மன், பரோக் என்று இரண்டு சொல்கிறார்கள்.

பரோக் வாங்குங்கள். ஜெர்மன் விரலமைப்பில் எஃப் சுரம் எளிது, அந்த ஒரு சௌகரியத்துக்காக எஃப் ஷார்ப்பில் சுருதி கெடும். மேலே போகப் போகத் தொந்தரவு. யமஹாவில் ஒய்ஆர்எஸ் 23 ஜெர்மன், 24பி பரோக். பெட்டியில் எழுத்து அழிந்திருந்தால் முன்புறம் மேலிருந்து எண்ணுங்கள்: ஐந்தாம் துளை நான்காம் துளையைவிடச் சிறிதாக இருந்தால் ஜெர்மன். முப்பதும் ஒரே வகையாக இருக்கட்டும், கலந்து வாங்கினால் வகுப்பு தாங்காது.

புதுச்சேரி வாசகர்: ஒக்கரினா பார்க்க அழகாக இருக்கிறது. வாங்கலாமா?

அலமாரிக்கு என்றால் எதையும் வாங்கலாம். வாசிக்க என்றால் இத்தாலியின் புட்ரியோ ஊரில் ஜியுசெப்பே டொனாட்டி 1853 வாக்கில் உருவாக்கிய வழியில் வரும் பன்னிரண்டு துளைக் கருவி வாங்குங்கள். அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி வராது, சுருதிதான் ஏறும். எல்லை இரண்டு ஸ்தாயி கூட இல்லை. உள்ளே குழாய் இல்லை, மூடிய கூடு. அதனால் துளை எங்கே இருக்கிறது என்பதைவிட மொத்தம் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதே சுரத்தைத் தீர்மானிக்கிறது. களிமண் என்பதால் கீழே விழுந்தால் கதை முடிந்தது.

ஈரோடு வாசகர்: மோர்சிங், கசூ இரண்டும் இந்தக் கணக்கில் வருமா?

மோர்சிங் ஊதும் வாத்தியம் இல்லை. அதில் இருக்கும் உலோக நாக்கு விரலால் மீட்டப்படுகிறது, வாய் அதற்குக் கூடு. சுருதி பார்த்து வாங்குங்கள். சற்று இறக்க வேண்டுமென்றால் அந்த நாக்கின் நுனியில் மெழுகு வைக்கலாம், ஏற்றுவது எளிதில்லை. ஆகவே சந்தேகம் வந்தால் மேல் சுருதியில் எடுங்கள். கசூவில் ஊதினால் ஒன்றும் வராது, முனக வேண்டும். குழந்தைகளின் பிறந்தநாளுக்கு நல்லது, பெற்றோருக்கு அல்ல.

நாகர்கோவில் வாசகர்: எனக்கு ஆஸ்துமா. மவுத் ஆர்கன் வாசித்தால் குணமாகும் என்கிறார்களே?

மூச்சை அளந்து விடும் பழக்கம் வரும். குணம் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்.

ராமேஸ்வரம் வாசகர்: கடற்காற்றில் மவுத் ஆர்கன் எத்தனை நாள் தாங்கும்?

ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல வருடம். வாசித்து முடித்ததும் துளைகள் கீழே பார்க்கும்படி பிடித்து உள்ளங்கையில் தட்டி எச்சிலை வெளியேற்றுங்கள். சிறிது நேரம் திறந்து வைத்து, காய்ந்த பிறகு பெட்டியில் போடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடிக்கும். முறுக்கு, மிக்சர் தின்ற வாயோடு எடுக்காதீர்கள், ஒரு துணுக்கு போதும் ரீடு நின்றுவிட. மரச் சட்டக் கருவியைத் தண்ணீரில் கழுவக் கூடாது. ரீடு உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் உப்புக் காற்று இல்லை, ஆவேசமாக ஊதுவதுதான். பேசும் அளவு மூச்சு போதும். ஒரே கருவியை வீட்டில் நாலு பேர் வாசிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள், ஒன்றையே பகிர்வதுதான் சளி சுற்றிச் சுற்றி வருவதற்கு வழி.