அபராதம் கட்டினால் முடிந்துவிடுமா?

கேள்வி: என் கணவருக்கு 38 வயது. ஒரு நிறுவனத்தில் டெலிவரி வேன் ஓட்டுகிறார். போன மாதம் ஜூரோங்கில் நண்பர் வீட்டு விசேஷத்தில் பியர் குடித்தார். அங்கேயே மூன்று மணி நேரம் தூங்கி எழுந்த பிறகுதான் எங்கள் காரை எடுத்தார். வழியில் போலிஸ் சோதனை. மூச்சுப் பரிசோதனையில் 52 காட்டியதாம். விபத்து எதுவும் இல்லை, இதுதான் முதல் முறை. அடுத்த மாதம் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும். "அபராதம் கட்டினால் முடிந்தது" என்கிறார் கொழுந்தனார். "ஊதாமலே இருந்திருக்கலாம்" என்கிறார் அவருடைய நண்பர். அன்று சளி மாத்திரையும் போட்டிருந்தார், அது வேறு வம்பாகுமா? இரண்டு பிள்ளைகள், அவர் ஒருவர் சம்பளம். பிழைப்பைச் சொல்லிக் கடிதம் கொடுத்தால் லைசென்ஸ் தப்புமா?
– ஈசூன் வாசகி

அன்புத் தங்கைக்கு,

உங்கள் பயம் முழுவதும் அந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. அதற்கே முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தப்பாது. இதை எழுதும்போது எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொய்யான நம்பிக்கையோடு நீங்கள் ஒரு மாதத்தை வீணாக்கக் கூடாது.

சிங்கப்பூர் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 67ஆம் பிரிவு, குடித்துவிட்டு ஓட்டி முதல் முறை சிக்கியவருக்கு 2,000 முதல் 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. அதோடு குறைந்தது 2 ஆண்டு வாகனம் ஓட்டத் தடை. இந்தத் தடையைக் குறைக்க நீதிபதிக்குச் 'சிறப்புக் காரணம்' வேண்டும். அந்தக் காரணம் சம்பவத்தைச் சார்ந்ததாக இருக்கவேண்டும். உயிருக்குப் போராடும் ஒருவரை, வேறு வழியே இல்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனது போல ஏதாவது. அப்போதும் நீதிமன்றம் துருவித் துருவித்தான் பார்க்கும். வேலை, பிள்ளைகள், வீட்டுக் கடன் எல்லாம் ஓட்டியவரின் சொந்த நிலைமை. இந்தக் கணக்கில் அவை சேராது. ஓட்டுவதே தொழில் என்று அழுத்திச் சொல்பவர்களுக்கும் இதே பதில்தான். கடிதம் கொடுக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அபராதத்தைத் தவணையில் கட்டக் கேட்பதற்கு அந்த விவரங்கள் உதவும்.

52 என்பது எவ்வளவு பெரிய தப்பு என்று கேட்கிறீர்களா? 100 மில்லி லிட்டர் மூச்சில் 35 மைக்ரோகிராம் மதுதான் வரம்பு. இரத்தத்தில் பார்த்தால் 100 மில்லி லிட்டரில் 80 மில்லிகிராம். யாருக்கும் காயமோ சேதமோ இல்லாத முதல் குற்றங்களுக்கு 2021-ல் உயர் நீதிமன்றம் ஓர் அளவுகோல் வகுத்தது. 35 முதல் 54 வரை காட்டியவருக்கு 2,000 முதல் 4,000 வெள்ளி அபராதம், 24 முதல் 30 மாதத் தடை. 90-ஐத் தொட்டால் 8,000-க்கு மேல் அபராதம், நான்கு ஆண்டுக்குக் குறையாத தடை. உங்கள் கணவர் கீழ்ப்படியில் இருக்கிறார், ஆனால் அதன் மேல் ஓரத்தில். வழக்கின் விவரத்தைப் பொறுத்து இது மாறலாம். ஆகவே முன்கூட்டியே வழக்கறிஞர் ஒருவரையோ இலவசச் சட்ட ஆலோசனை நிலையத்தையோ பார்த்துவிடுங்கள்.

கொழுந்தனார் சொன்னது எங்கே தவறுகிறது என்றால், ஓர் ஆண்டோ அதற்கு மேலோ தடை விழுந்தால் லைசென்ஸ் செல்லாததாகிவிடும். தடை முடிந்த மறுநாள் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. தியரியிலிருந்து தொடங்கி எல்லாத் தேர்வையும் புதிதாக எழுதித் தேறவேண்டும். ஆக இரண்டு ஆண்டு என்பது நடைமுறையில் இன்னும் நீளும். அபராதம் கட்டும் நாளில்தான் உங்கள் வீட்டுக் கஷ்டம் ஆரம்பிக்கிறது.

ஊதாமல் இருந்திருக்கலாம் என்றாரே அந்த நண்பர், அவர் பேச்சைத் தயவுசெய்து வேறு யாருக்கும் சொல்லவேண்டாம். தக்க காரணம் இல்லாமல் மாதிரி கொடுக்க மறுத்தால், குடித்துவிட்டு ஓட்டியவருக்கு உள்ள அதே தண்டனைதான்.

மூன்று மணி நேரத் தூக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதியதுதான் என்னை உறுத்துகிறது. அவர் கவனமாக இருக்க நினைத்திருக்கிறார், அதை நான் நம்புகிறேன். ஆனால் தூங்குவதால் மது வேகமாகக் கரைவதில்லை. ஈரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும். ஒரு சின்னக் கேன் பியர் கரையவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். நாலைந்து கேன் என்றால் விடிந்த பிறகும் மிச்சம் இருக்கும். கோப்பி குடித்தாலும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாலும் விழிப்பு வருமே தவிர, அந்த எண் இறங்காது.

அப்புறம், மாத்திரை. மதுவுக்கு இருப்பதுபோல மருந்துக்கு எண் வரம்பு கிடையாது. வாகனத்தைச் சரியாகக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்தின் பிடியில் இருந்தாரா என்பதுதான் கேள்வி. டாக்டர் எழுதிக்கொடுத்தது என்பது மட்டும் சாக்காகாது. 'தூக்கம் வரலாம்' என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அது ஓட்டுநருக்காகவே எழுதியது என்று எடுத்துக்கொள்ளவேண்டும். உங்கள் கணவர் மீதான வழக்கு மூச்சில் இருந்த மதுவைப் பற்றியது என்றால் சளி மாத்திரை தனி வழக்காகாது. இருந்தாலும் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் என்றால் கதையே வேறு. ஓட்டியது ஒரு குற்றம், உட்கொண்டது போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் இன்னொரு குற்றம். அதற்கு 10 ஆண்டு வரை சிறைக்கு இடமுண்டு. சில வேப் கருவிகளில் கலக்கும் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தும் 2025 செப்டம்பர் 1 அன்று தற்காலிகமாகப் போதைப்பொருள் பட்டியலுக்குள் வந்தது. அந்த விசேஷத்தில் யாராவது அதை வைத்திருந்தால், அந்தக் கூட்டத்தை விட்டே அவர் விலகட்டும்.

இப்போது உங்கள் வேலை என்ன தெரியுமா? அந்த இரண்டு வருடத்துக்கு வழி தேடுவது. அவர் வழக்கு விசாரணைக்கு முன்பே முதலாளியிடம் தானாகப் போய்ச் சொல்லட்டும். கிடங்கிலோ சாமான் ஏற்றி இறக்குவதிலோ, வேன் உதவியாளராகவோ இடம் கேட்கட்டும். தீர்ப்புக்குப் பிறகு தெரியவருவதைவிட இது எவ்வளவோ மேல். காரையும் விற்பதா என்று உட்கார்ந்து பேசுங்கள். தடைக்காலத்தில் வாசலில் நிற்கும் கார் பெரிய ஆபத்து. பிள்ளைக்குக் காய்ச்சல், மழை, 'பக்கத்துப் புளோக்தானே' என்று ஒருநாள் தோன்றும். தடையின்போது ஓட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். வாகனமே பறிமுதலாகலாம். காப்புறுதியும் கைகொடுக்காது. மறுபடி குடித்துவிட்டு ஓட்டிச் சிக்கினாலோ 5,000 முதல் 20,000 வெள்ளி அபராதத்தோடு சிறையும் கட்டாயம். அதிகபட்சம் 2 ஆண்டு. தடை குறைந்தது 5 ஆண்டு.

இன்னொன்று. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அன்றே தீர்ப்பானால், சிறை இல்லாதபோது தடை அந்த நாளிலிருந்தே தொடங்கிவிடும். திரும்பி வரும்போது அவர் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. அதனால் அன்று காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, நீங்களும் கூடப் போங்கள். அரசு நீதிமன்றங்கள் ஹேவ்லாக் சதுக்கத்தில் இருக்கின்றன. சைனாடவுன் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம்.