வார்டு எல்லையும் தலைக்கணக்கும் – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

பெங்களூரின் பழைய தமிழ்க் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறோம். பெரும்பாலும் ஆதி திராவிடர்கள். புதிய வார்டுப் பட்டியலில் எங்கள் குடியிருப்பை நடுத்தெருவோடு இரண்டாகப் பிரித்து இரண்டு வார்டில் போட்டுவிட்டார்கள். வரைவு வந்தபோதே இருநூறு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். என்ன முடிவெடுத்தார்கள் என்று தெரியவில்லை. ஹைகோர்ட் போனால் மாறுமா? வரப்போகும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ச., பெங்களூரு

அன்புள்ள ச.,

சம்பந்தம் உண்டு. உங்கள் உழைப்பில் பெரும்பகுதி கணக்கெடுப்பில்தான் போகவேண்டும் என்பது என் கருத்து. முதலில் கோர்ட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

வார்டு எல்லை, இடப் பங்கீடு தொடர்பான சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 243-இசட்.ஜி. பிரிவு. ஆனால் 2024 ஜூலையில், குஜராத்தின் பர்தோலி தொகுதி பற்றிய கிஷோர்சந்திர ரத்தோட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழி விட்டது: மறுவரையறை (எல்லைகளை மாற்றி வரையும்) ஆணை வெளிப்படையாகவே தன்னிச்சையானதாக, அரசியலமைப்பின் விழுமியங்களோடு ஒத்துப்போகாததாக இருந்தால் நீதிமன்றம் பரிசீலிக்கலாம். ‘எங்கள் தெரு பிரிந்துவிட்டது’ என்பது மட்டும் அந்த அளவுக்கு எட்டாது. ‘ஆட்சேபனையைப் பார்க்கவே இல்லை, நிராகரித்த காரணம் எங்கும் பதிவாகவில்லை’ என்றால் வாதத்துக்கு வலு வரும். அதனால் முழுப் பட்டியலையும் ரத்து செய்யக் கேட்காமல், உங்கள் ஆட்சேபனைக்குக் காரணத்தோடு முடிவு சொல்ல உத்தரவிடுமாறு கேளுங்கள்.

தேர்தலுக்குத் தடை மட்டும் கேட்காதீர்கள். பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்தது. அதன்பின் 198 வார்டுகள் 243 ஆகின, 225 ஆகின, 2025இல் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்து 369 ஆகின. மறுவரையறையைக் காரணம் காட்டி உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளக்கூடாது என்று 2022 மே மாதம் சுரேஷ் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கவுன்சிலரே இல்லாத ஊரில் அதிகம் அடிபடுவது உங்கள் தெருதான்.

வழக்குக்கு முன் பத்து ரூபாய் கட்டி ஆர்.டி.ஐ. போடுங்கள். கேட்கவேண்டியவை மூன்று: இரண்டு வார்டுகளிலும் எந்தெந்தக் கணக்கெடுப்பு பிளாக்குகள் (கணக்கெடுப்புக்காகப் பிரித்த சிறு பகுதிகள்) சேர்ந்தன, ஒவ்வொரு பிளாக்கிலும் 2011 கணக்குப்படி மொத்தமும் எஸ்.சி.யும் எத்தனை பேர், உங்கள் மனுமீது எழுதப்பட்ட குறிப்பு என்ன. கையெழுத்து மனுக்கள் தோற்பது இந்த எண்கள் இல்லாததால்தான். ‘இந்த பிளாக்கை இந்த வார்டுக்கு மாற்றுங்கள், எல்லையாக ராஜகாலுவேயை (பெரிய மழைநீர்க் கால்வாயை) வையுங்கள், மாற்றினால் பக்கத்து வார்டின் மக்கள்தொகை இவ்வளவுதான் குறையும்’ என்று எழுதினால் அதிகாரி தட்டிக்கழிப்பது கடினம்.

பிரித்ததன் விளைவையும் கணக்காகவே காட்டுங்கள். 2011இல் மாநகராட்சி மக்கள்தொகை 84,43,675. அதை 369ஆல் வகுத்தால் வார்டுக்குச் சுமார் 23,000. உங்கள் குடியிருப்பில் எஸ்.சி. 3,000 பேர், இரு வார்டுகளிலும் மற்றத் தெருக்களில் தலா 2,000 பேர் என்று வைப்போம். குடியிருப்பு ஒரே வார்டில் இருந்தால் அங்கே எஸ்.சி. விகிதம் 21.7%. சரிபாதியாகப் பிரிந்தால் இரண்டிலும் 15.2%. வார்டு எஸ்.சி.க்கு ஒதுக்கப்படும் வாய்ப்பு இப்படித்தான் சத்தமில்லாமல் கரைகிறது.

இனி கணக்கெடுப்பு. வார்டு வரையறைக்கு மக்கள்தொகை என்றால், கடைசியாக வெளியான கணக்கெடுப்பின் எண் என்கிறது அரசியலமைப்பின் 243-பி (243P) பிரிவு. அதனால்தான் இன்றும் 2011ஐ வைத்தே கோடு போடுகிறார்கள். புதிய கணக்கெடுப்பின் எண்கள் வெளியானதும் அடித்தளம் மாறும். வீட்டுப் பட்டியல் கட்டம் 2026 ஏப்ரல்–செப்டம்பர். தலைகளை எண்ணுவது 2027 பிப்ரவரி. கணக்குக்கான நேரம் 2027 மார்ச் 1 நள்ளிரவு.

2011இல் ஆயிரத்துக்கு 23 பேர் விடுபட்டதாக அரசு நடத்திய மறுசோதனையே காட்டியது. விடுபடும் இடங்கள் உங்களுக்கே தெரியும்: மொட்டைமாடி ஷீட் வீடு, ஒரே கதவுக்குள் மூன்று குடும்பம், பி.ஜி. அறை, கட்டட வேலைக்கு வந்தவர்களின் கொட்டகை, பகலில் பூட்டியிருக்கும் வீடு. வீட்டுப் பட்டியலில் எண் விழாத வீட்டுக்குத் தலை எண்ணும்போதும் ஆள் வராமல் போகலாம். ஆகவே இளைஞர்கள் சிலர் தெருத்தெருவாகப் போய், தனி அடுப்பு எரியும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வரி பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். இதற்கு வக்கீல் தேவையில்லை.

ஓட்டு வேலூரிலோ தருமபுரியிலோ இருந்தாலும், வழக்கமாக இங்கே வசிப்பவரை இங்கேதான் எண்ணவேண்டும். குழந்தைகளும் கணக்கில் வருவார்கள். ‘மகன் பெங்களூரில் இருக்கிறான்’ என்று அம்மா ஊரிலும் ஒரு தலை சேர்த்துவிடாமல் சொல்லிவையுங்கள்.

சாதிக் கேள்விக்கு ‘எஸ்.சி.’, ‘ஹரிஜன்’ என்று மட்டும் சொல்வது போதாது. கர்நாடகப் பட்டியலில் உள்ள பெயரையே சொல்லவேண்டும். ஆதி திராவிடர் அதில் இருக்கிறது. இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவர் மட்டுமே எஸ்.சி.யாகக் கணக்கில் வருவார்கள். கிறித்தவக் குடும்பங்கள் இதை அறிந்தே பதில் சொல்லட்டும். யாரும் அவர்களை வேறு மதம் சொல்லும்படி வற்புறுத்தக்கூடாது.

தாய்மொழியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள்; அவரவர் சொல்வதே பதிவாகவேண்டும். பயப்படுபவர்களிடம் 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவைச் சொல்லுங்கள்: நீங்கள் கொடுத்த விவரத்தை யாரும் பார்வையிடக் கேட்க முடியாது, அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட வழக்கைத் தவிர வேறெதிலும் அது சாட்சியமாகாது. ஆர்.டி.ஐ. பதில் வந்ததும் பிளாக் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். ஆட்சேபனையை எண்களோடு எழுத உதவுகிறேன்.