பழைய ஐ5 கணினிக்குக் குறைந்த செலவில் எந்த பிராசஸர், மதர்போர்டு வாங்கலாம்?

நான்காம் தலைமுறை ஐ5, 8 ஜிபி டிடிஆர்3 ராம், தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. அலுவலக வேலையோடு கொஞ்சம் வீடியோ எடிட்டிங். பிராசஸரும் மதர்போர்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. டிடிஆர்3 ராம் புதிய மதர்போர்டில் நுழையவே நுழையாது, அதன் வெட்டு இருக்கும் இடமே வேறு. அதனால் கையில் இருக்கும் பணத்தை பிராசஸர், மதர்போர்டு, ராம் என்று மூன்றாகப் பிரித்துக் கணக்குப் போடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் பார்த்து வாங்க வேண்டும். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். விலை குறைவாக இருக்கிறதே என்று ஐ5-12400எஃப் வாங்கிவிட்டேன். ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. கேபிளை மாற்றினேன், ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தேன், மானிட்டரைத் திட்டினேன். நள்ளிரவுக்கு மேல்தான் பெட்டியில் இருந்த 'எஃப்' கண்ணில் பட்டது. அந்த எழுத்து இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டில் எச்டிஎம்ஐ துளை இருக்கும், ஆனால் அதற்குப் படம் அனுப்ப ஆள் இருக்காது!

உங்களுக்கு நான் சொல்வது எஃப் இல்லாத ஐ5-12400. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். அதில் இருக்கும் குயிக் சிங்க் (வீடியோவை வேகமாகக் கையாளும் உள் வசதி) எடிட்டிங்கில் நன்றாகக் கைகொடுக்கும். எடிட்டிங்கைவிட சின்னச் சின்ன கேம்கள்தான் முக்கியம் என்றால் ரைசன் 5 5600ஜி எடுங்கள், அதன் கிராபிக்ஸ் அந்த வேலைக்கு இதைவிட மேல். ஆனால் பழைய பி450 போர்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று அதோடு சேர்த்தால், பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்யும்வரை பிராசஸரை அது அடையாளம் காணாமல் போகலாம். ரைசனின் அடுத்த தலைமுறை சாக்கெட்டான ஏஎம்5 உள்ள போர்டுகளுக்கு டிடிஆர்5 ராம் மட்டும்தான். பிறகு பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் அது நல்ல வழி, ஆனால் இப்போது செலவு கூடும்.

12400க்கு எச்610 மதர்போர்டே போதும். அதில் ராம் துளைகள் இரண்டுதான் என்பதை மறக்க வேண்டாம். பின்னாளில் ஐ7 போடும் ஆசை இருந்தால் பி660 அல்லது பி760 பக்கம் போங்கள். ஏறக்குறைய ஒரே பெயரில் டிடிஆர்4 போர்டும் டிடிஆர்5 போர்டும் விற்கிறார்கள், பெட்டியைப் படித்துவிட்டு வாங்குங்கள். ராம் ஒரே 16 ஜிபியாக வேண்டாம், இரண்டு 8 ஜிபியாகப் போடுங்கள். உள் கிராபிக்ஸ் ராமைத்தான் கடன் வாங்கி ஓடுகிறது, இரண்டு சேனல் (ராமுக்குப் போகும் பாதை) இருந்தால் அதற்கு வேகம் கூடும்.

அப்புறம் பழைய எஸ்எம்பிஎஸ், அதாவது கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி. அதில் பிராசஸருக்கான 8 பின் கனெக்டர் இருக்கிறதா என்று கேபினெட்டைத் திறந்து பாருங்கள். விண்டோஸை எம்பிஆர் என்ற பழைய டிஸ்க் பிரிப்பு முறையில் நிறுவியிருந்தால் புதிய போர்டில் அது பூட் ஆகாமல் போகலாம். ஃபைல்களை முன்பே வேறு இடத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, விண்டோஸ் இன்னும் ஹார்ட் டிஸ்கில்தான் ஓடுகிறதா? அப்படியென்றால் ஐ5 வேண்டாம், ஐ3-12100 எடுத்துக்கொண்டு மிச்சப் பணத்தில் ஒரு எஸ்எஸ்டி போடுங்கள்.