பாதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தை நொந்துகொள்ளாதீர்கள்

கேள்வி: எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கத்துக் கிராமம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். பத்தாவது வரை தமிழ் மீடியம். அறையில் கூட இருக்கும் மூன்று பேருக்கும், மாயாஜாலக் கதைகள் எழுதும் அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சனின் காஸ்மியர் நாவல்கள் என்றால் உயிர். சாப்பிடும்போதும் அதே பேச்சுதான். எனக்கும் ஆசை வந்து, புத்தகக் கண்காட்சியில் தள்ளுபடியில் கிடைத்த ‘தி வே ஆஃப் கிங்ஸ், பகுதி 2’ வாங்கினேன். அறுபது பக்கம் படித்தும் யார் எவர் என்றே விளங்கவில்லை. என் ஆங்கிலம் போதவில்லையா? வரிசை தப்பினால் எல்லாம் கெட்டுவிடும், மொத்தமாக வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். ஒருவர் 22 புத்தகங்களை 2,800 ரூபாய்க்கு அனுப்புகிறேன், பாதிப் பணத்தை இப்போதே போடு என்று போனில் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: பணம் போடாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை தம்பி. உங்கள் கையில் இருப்பது ஒரு நாவலின் பின்பாதி. ‘பகுதி 2’ என்று போட்டிருப்பதால் அதை வரிசையின் இரண்டாவது நாவல் என்று நினைத்திருப்பீர்கள். அப்படியில்லை. 2010-இல் வந்த ‘தி வே ஆஃப் கிங்ஸ்’ ஒரே நாவல், ‘ஸ்டார்ம்லைட்’ என்ற வரிசையின் முதலாவது. அமெரிக்காவில் ஆயிரம் பக்கத்துக்கு ஒரே புத்தகமாக வந்தது. பிரிட்டிஷ் பதிப்பில், மெல்லிய அட்டைப் புத்தகம் இவ்வளவு கனம் தாங்காது என்று நடுவில் வெட்டி, இரண்டு அட்டை போட்டு, இரண்டு விலை வைத்தார்கள். நம் பக்கத்துக் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் அந்தப் பதிப்புதான். உங்கள் புத்தகத்தை எடுத்து, கதை தொடங்கும் பக்கத்தில் அத்தியாய எண்ணைப் பாருங்கள். 1 என்று இருக்காது. நாவலுக்கு மொத்தம் 75 அத்தியாயம், உங்களுடையது நடுவில் எங்கோ ஆரம்பிக்கும். இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. நாவலுக்கு உள்ளேயே ஆசிரியர் ஐந்து ‘பகுதி’ பிரித்திருக்கிறார். அட்டையில் ஒரு பகுதி, உள்ளே வேறு பகுதி. விற்கிறவருக்கே இது தெரிவதில்லை. முதல் பாதி விற்றுப்போய் இரண்டாம் பாதி தங்கிவிட்டால் அதைத் தள்ளுபடியில் போடுகிறார்கள். ‘இது தனியாகப் படிக்கிற புத்தகம் இல்லை’ என்று அட்டையில் ஒரு வரி அச்சிட என்ன செலவாகிவிடும்? இந்த ஒரு வரி இல்லாததால், நல்லாப் படிக்கக்கூடிய எத்தனை பிள்ளைகள் ‘நமக்கு வராது’ என்று மூடி வைத்திருப்பார்களோ.

உங்கள் ஊர்ப்பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து பார்த்திருப்பீர்கள். பதினெட்டு நாள் பாரதத்தில் பத்து ராத்திரி கூத்து நடக்கிறது என்று வையுங்கள். ஒருவர் அர்ச்சுனன் தபசு அன்றைக்கு மட்டும் வந்து உட்காருகிறார். அதற்கு முந்தைய கூத்து எதையும் அவர் பார்க்கவில்லை. இருந்தாலும் தபசு மரத்தில் வேஷக்காரர் ஏறும்போது அவரும் கையெடுத்துக் கும்பிடுவார். அன்றைய கூத்து அன்றைக்கு முழுசு. ஆனால் அதே ராத்திரி மூணு மணிக்கு வந்து உட்கார்ந்தால்? மேடையில் நிற்பது யார், ஏன் அழுகிறார் என்று பக்கத்தில் இருப்பவரைத் தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டியதுதான். நீங்கள் மூணு மணிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நண்பர்களோ பத்து ராத்திரியும் பார்க்காவிட்டால் ஒரு ராத்திரியும் புரியாது என்கிறார்கள். அது உண்மையில்லை.

காஸ்மியர் என்பது ஒரே அண்டத்துக்குள் பல உலகங்கள். ‘மிஸ்ட்பார்ன்’ நடப்பது ஒரு கிரகத்தில், ‘ஸ்டார்ம்லைட்’ வரிசை இன்னொன்றில், ‘எலாண்ட்ரிஸ்’, ‘வார்பிரேக்கர்’ ஆகியவை வேறு வேறு கிரகங்களில். ஒவ்வொன்றுக்கும் தனி மக்கள், தனி விதி. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பழங்கதை ஓடுகிறது. முன்னொரு காலத்தில் ஒரு பேராற்றல் உடைந்து பதினாறு துண்டுகளானது, அவற்றை ஏந்தியவர்கள் வெவ்வேறு உலகங்களுக்குப் போனார்கள் என்பது அது. உங்கள் அறையில் நடுராத்திரி வரை நடக்கும் விவாதம் இதைப் பற்றித்தான் இருக்கும். அப்புறம் ஹாய்ட் என்ற பெயர் அடிக்கடி காதில் விழுந்திருக்கும். ஓர் உலகத்தில் பிச்சைக்காரனாக, இன்னொன்றில் கதைசொல்லியாக, நீங்கள் வாங்கிய நாவலில் அரசவை விகடகவியாக வருகிற ஆள் அவன். எந்தக் கூத்தானாலும் கட்டியங்காரன் வருவானே, அதுபோல. நேற்றைய கூத்திலும் அவனைப் பார்த்தவருக்கு இன்று கூடுதலாக ஒரு சிரிப்பு. பார்க்காதவருக்கு இன்றைய கதையில் ஒன்றும் குறையாது. தொடர்பு என்பது இவ்வளவுதான், குறைந்தபட்சம் ஆரம்பத்தில்.

அதனால் எந்த வரிசையை எடுத்தாலும் அதன் முதல் நாவலில் தொடங்கி, வெளிவந்த ஆண்டுப்படியே போங்கள். ஒரு சிக்கலும் வராது. உங்களுக்கு நான் சொல்வது ‘மிஸ்ட்பார்ன்’ முதல் மூன்று: ‘தி ஃபைனல் எம்பயர்’ (2006), ‘தி வெல் ஆஃப் அசென்ஷன்’ (2007), ‘தி ஹீரோ ஆஃப் ஏஜஸ்’ (2008). மூன்றோடு அந்தக் கதை முடிந்துவிடும். வானத்திலிருந்து சாம்பல் கொட்டும் ஊர், ஆயிரம் ஆண்டாக ஆளும் ஒரு சக்கரவர்த்தி, அவனைக் கவிழ்க்கத் திட்டமிடும் திருட்டுக் கூட்டம், அதில் சேரும் ஒரு தெருப் பெண். அங்கே சிலர் உலோகத் துகளை விழுங்கி வயிற்றுக்குள்ளேயே ‘எரித்து’ சக்தி பெறுவார்கள். வெள்ளீயம் கண்ணையும் காதையும் கூர்மையாக்கும். ஈயம் கலந்த பியூட்டர் உடம்புக்குப் பலம் தரும். எஃகை எரித்தால் எதிரில் இருக்கும் உலோகத்தைத் தள்ளலாம். எதிரில் இருப்பது உங்களைவிடக் கனமென்றால் அது நகராது, நீங்கள்தான் பின்னால் போய் விழுவீர்கள். ஒரு காசைத் தரையில் போட்டு அதைத் தள்ளினால், தரை தாங்கிக்கொள்ளும், ஆள் மேலே எழும்புவான். பட்டறையில் வேலை பார்க்கிற உங்களுக்கு இது கல்லூரிப் பேராசிரியருக்கு விளங்குவதைவிடச் சீக்கிரம் விளங்கும். நண்பர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: முதல் புத்தகம் முடிகிற வரைக்கும் உங்கள் முன்னால் அதன் முடிவைப் பேச வேண்டாம்.

இவர் எழுதும் ஆங்கிலம் நேரான ஆங்கிலம், சின்னச் சின்ன வாக்கியம். உங்களைத் தடுத்தது அவர் புதிதாக உண்டாக்கிய சொற்கள். ‘ஸ்பிரென்’ என்று அகராதியில் தேடியிருப்பீர்கள், கிடைத்திருக்காது. வலி, பயம், காற்று எதற்கும் உடன் தோன்றும் சின்னச் சின்ன ஆவிகள் அவை, அந்த உலகத்தில் மட்டும் உள்ளவை. அதை முதல் பாதியில் மெல்ல மெல்லப் பழக்கிவிடுகிறார். பின்பாதியில் யாரும் விளக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வரிசையில் நான் பிடிவாதம் பிடிப்பேன். ‘ஸ்டார்ம்லைட்’ வரிசைக்குள் போன பிறகு, இரண்டாம் நாவலான ‘வேர்ட்ஸ் ஆஃப் ரேடியன்ஸ்’ (2014) தொடங்கும் முன் ‘வார்பிரேக்கர்’ படித்துவிடுங்கள். 2009-இல் வந்த தனி நாவல் அது. மூன்றாவதுக்கு முன் படித்தால் போதும், படிக்காவிட்டாலும் பாதகமில்லை என்றெல்லாம் நண்பர்கள் சொல்வார்கள். கேட்காதீர்கள். இரண்டாம் நாவலின் கடைசியில் ஒரு பொருள் கைமாறும். படித்தவனுக்கு அந்தப் பக்கத்தில் முதுகு சில்லிடும், படிக்காதவன் அதைத் தாண்டிப் போய்விடுவான். அந்தச் சில்லிப்பைப் பிறகு திரும்ப வாங்க முடியாது. ஆயிரம் பக்கம் உழைத்துப் படித்தவனுக்கு அது சேர வேண்டிய கூலி. இதற்குக் காசும் தேவையில்லை என்பதுதான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம். ‘வார்பிரேக்கர்’ நாவலை எழுத எழுதவே ஆசிரியர் தன் இணையதளத்தில் இலவசமாக வெளியிட்டார். வணிக நோக்கமில்லாமல் யாரும் பகிரலாம் என்று உரிமமும் கொடுத்திருக்கிறார். அதாவது, அதை விற்கக் கூடாது. ஆனால் இந்தக் கோப்பையும் மற்றவற்றோடு சேர்த்து, ‘முழு செட் பிடிஎஃப், 199 ரூபாய்’ என்று விற்கிறார்கள். ஆசிரியர் சும்மா கொடுத்ததற்கு வழியில் நின்று சுங்கம் வசூலிக்கிற வேலை இது. இப்படிக் காசு கட்டியவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் 2,800 ரூபாய்க்காரர். 22 புத்தகம் என்றால் ஒன்றுக்கு 127 ரூபாய். ஆயிரம் பக்கப் புத்தகத்துக்கு அந்தப் பணத்தில் ஜெராக்ஸ்கூட எடுக்க முடியாது. அப்படியென்றால் அனுப்பப்போவது என்ன? திருட்டு அச்சு. ஸ்டார்ம்லைட் நாவல்களில் வரைபடங்கள் உண்டு, கதைப் பெண்ணின் குறிப்பேட்டுப் பக்கங்கள் சித்திரமாகவே உண்டு. திருட்டு அச்சில் அதெல்லாம் கரிப்பூச்சாக இருக்கும். மெலிந்த எழுத்து, முதுகில் வெறும் பசை, நூறு பக்கம் திருப்பினால் ஏடு கையோடு வரும். இன்னும் மோசம் ஒன்று உண்டு. நான் வேலை பார்த்த நூலகத்துக்கு ஒருமுறை ஒரு விநியோகஸ்தர் அனுப்பிய கட்டில் ஒரு நாவல், 176-ஆம் பக்கத்துக்கு அடுத்து 193-ஆம் பக்கம். ஒரு ஃபாரம், பதினாறு பக்கம், அப்படியே காணோம். படித்துக்கொண்டே வந்த ஒரு பள்ளி மாணவி, ‘சார், நான்தான் புரியாமல் படிக்கிறேனா’ என்று கேட்டாள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவள் ஞாபகம்தான் வந்தது. விநியோகஸ்தருக்கு மூன்று கடிதம் போட்டேன். பதிலே இல்லை.

அந்த 22-இல் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் கேட்டுப் பாருங்கள். எண்ணிக்கையைக் கூட்ட, தொடர்பே இல்லாததையெல்லாம் சேர்ப்பார்கள். ‘ஸ்கைவார்ட்’, ‘ஸ்டீல்ஹார்ட்’ இரண்டும் இவர் எழுதியவைதான், ஆனால் காஸ்மியர் இல்லை. 2022-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் மூலம் வாசகர்களிடம் நேரடியாக 4 கோடி டாலருக்கு மேல் திரட்டி வெளியிட்ட, யாருக்கும் சொல்லாமல் எழுதிவைத்திருந்த நான்கு நாவல்களில்கூட ஒன்று காஸ்மியருக்கு வெளியே. எல்லாவற்றிலும் பெரிய பொறி ‘தி கேதரிங் ஸ்டார்ம்’. ராபர்ட் ஜோர்டான் 2007-இல் இறந்த பிறகு, அவருடைய ‘வீல் ஆஃப் டைம்’ வரிசையின் கடைசி மூன்று நாவல்களை அவர் குறிப்புகளைக் கொண்டு சாண்டர்சன் முடித்தார். அதில் முதலாவது இது. மொத்த வரிசையில் பன்னிரண்டாவது. அட்டையில் சாண்டர்சன் பெயர் இருக்கிறதே என்று எடுத்தால், முன்னால் பதினொரு புத்தகம் காத்திருக்கும். மறுபடியும் மூணு மணிக் கூத்து.

உண்மையில் இதெல்லாம் நீங்கள் காசு போட்டு வாங்கவே வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 1948-லேயே பொது நூலகச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் வீட்டுச் சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறீர்கள். வாசகர் கேட்கும் புத்தகத்தை எழுதிவைக்கப் பதிவேடும் உண்டு. அதில் எழுதுங்கள், தலைப்பு, ஆசிரியர், எந்தப் பதிப்பு என்று தெளிவாக எழுதுங்கள். ஆனால் அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். முப்பது வருஷம் அந்தப் பதிவேட்டைப் பக்கம் பக்கமாக நிரப்பி மேலே அனுப்பியவன் நான். பிள்ளைகள் கேட்டது ஒன்று, கட்டுக் கட்டாக வந்து இறங்கியது வேறு. கேட்ட பையன் வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகுதான் அவன் கேட்ட புத்தகம் வரும், அதுவும் இரண்டாம் பாகம் மட்டும்.

சரி, நடக்கிற வழியைப் பார்ப்போம். வார விடுமுறையில் பெங்களூர் பஸ் ஏறிவிடுங்கள். சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன, ‘மிஸ்ட்பார்ன்’ முதல் புத்தகம் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒன்றை மட்டும் வாங்குங்கள். அது பிடித்தால் அடுத்தது. மூன்றும் முடிந்ததும் ‘தி வே ஆஃப் கிங்ஸ், பகுதி 1’ வாங்கி, இப்போது கையில் இருப்பதோடு சேர்த்துக்கொள்ளலாம். அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், காசு வீணாகவில்லை. ஸ்டார்ம்லைட்டின் முதல் ஐந்து நாவல்கள் 2024 டிசம்பரில் ‘விண்ட் அண்ட் ட்ரூத்’ நாவலோடு ஒரு கட்டத்துக்கு வந்து நிற்கின்றன. ஆசிரியர் போட்டிருக்கும் திட்டம் பத்து நாவல். அதனால் உங்களுக்கு எந்த அவசரமும் இல்லை.

கடையில் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் விலையைப் பார்க்கும் முன் மூன்று இடம் பாருங்கள். கதையின் முதல் பக்கத்தில் முன்னுரைக் கதையோ அத்தியாயம் 1-ஓ இருக்க வேண்டும். வரைபடத்தில் ஊர்ப்பெயர்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் படிக்க முடிய வேண்டும். அப்புறம் பக்க எண்களை, பதினாறு பதினாறாக, விரலால் தள்ளிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.