மூன்று வாரக் கப்பல் பயணம்: கடல் எத்தனை நாள் ஆடும், என்ன மாத்திரை போடலாம்?

கேள்வி: எனக்கு 62 வயது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். கணவருக்கு 68 வயது. ரத்த அழுத்தமும் புராஸ்டேட் வீக்கமும் உண்டு. அக்டோபர் கடைசியில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏறி, மதீரா தீவு வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் தீவுகளுக்குப் போகிறோம், மொத்தம் 3 வாரம். எனக்கு மலைப்பாதையில் பஸ்ஸில் போனாலே வாந்தி வரும், அவருக்கு ஒன்றும் செய்யாது. பயணம் முழுக்கக் கடல் ஆடிக்கொண்டேதான் இருக்குமா? காதுக்குப் பின்னால் ஒட்டும் பிளாஸ்திரியை இரண்டு பேரும் ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: முதலில் பிளாஸ்திரி. உங்கள் கணவர் அதைத் தொடவே வேண்டாம். அதில் இருக்கும் ஸ்கோபாலமின் என்ற மருந்து சிறுநீர்ப்பையைச் சுருங்க விடாது. ஏற்கெனவே புராஸ்டேட் வீங்கியிருப்பவருக்கு நடுக்கடலில் சிறுநீர் அடைத்துக்கொண்டால் குழாய் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும். வயதானவர்களுக்கு மனக்குழப்பத்தையும் அது கொடுக்கும், ஒருவகைக் கண் அழுத்த நோய் இருப்பவர்களுக்குப் பார்வைக்கே ஆபத்து. பஸ்ஸில் ஒன்றும் செய்யாதவர் என்கிறீர்கள், அப்படியானால் அவருக்கு முன்கூட்டி எந்த மருந்தும் தேவையில்லை. "எதற்கும் இருக்கட்டும்" என்று உங்கள் மாத்திரையில் ஒன்றை அவருக்குக் கொடுக்காதீர்கள், குமட்டல் மாத்திரைகளில் பலவும் சிறுநீர் விஷயத்தில் இதே வேலையைக் கொஞ்சம் குறைவாகச் செய்பவைதான்.

இனி கடலுக்கு வருவோம். மூன்று வாரமும் ஆடாது. உங்கள் பாதையில் நான் கவலைப்படுவது முதல் இரண்டு மூன்று நாட்களுக்குத்தான், ஏனென்றால் சவுத்தாம்ப்டனை விட்டதும் பிரான்ஸுக்கும் ஸ்பெயினுக்கும் இடையிலுள்ள பிஸ்கே விரிகுடாவின் வெளிவாசலைக் கடக்க வேண்டும், அட்லாண்டிக்கில் எங்கோ அடித்த புயலின் நீண்ட அலைகள் அங்கே தடையில்லாமல் வந்து சேரும், 4,000 மீட்டருக்கு மேல் ஆழமான கடல் கரைப்பக்கம் 200 மீட்டருக்கும் குறைவான ஆழத்துக்கு மேடேறுகிற இடம் என்பதால் அலைகள் அங்கே இன்னும் முரண்டு பிடிக்கும். இலையுதிர் காலத்தில் இது சகஜம். கண்ணாடி மாதிரி கிடக்கும் நாட்களும் உண்டு, ஆனால் அதை நம்பி மருந்தில்லாமல் ஏறாதீர்கள்.

மதீராவைத் தாண்டித் தென்மேற்கே திரும்பிய பிறகு கதை மாறும். அங்கே வீசுவது வடகிழக்கு வணிகக் காற்று, உங்களுக்கு முதுகுப்பக்கத்திலிருந்து வருவது. இரண்டு மூன்று மீட்டர் அலை இருக்கும், ஆனால் அலையும் கப்பலும் ஒரே திசையில் போவதால் முட்டி மோதுகிற ஆட்டம் இருக்காது. இதே கடலை எதிர்த்திசையில் கடப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது.

கப்பலில் "இன்று அலை 3 மீட்டர்" என்று அறிவித்தால் ஒவ்வொரு அலையும் 3 மீட்டர் என்று பொருளில்லை. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது, நடுநடுவே ஒன்றிரண்டு அதைப்போல இரண்டு மடங்கை நெருங்கும். திடீரென்று ஒன்று தூக்கிப்போட்டால் பயந்துவிடாதீர்கள். குமட்டலுக்கு அலையின் உயரத்தைவிட அதன் தாளம்தான் முக்கியம்: ஏறக்குறைய ஐந்து வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஆட்டம்தான் மனிதர்களை அதிகம் படுத்துகிறது. மெதுவாக, நீளமாக ஏறி இறங்கினால் உயரம் அதிகமாக இருந்தாலும் பலருக்கு ஒன்றும் செய்வதில்லை. பெரிய கப்பல்களில் ஸ்டெபிலைசர் என்று துடுப்பு மாதிரி ஒன்று நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும், பக்கவாட்டுச் சாய்வை அது நன்றாகக் குறைக்கும். முன்பக்கம் ஏறி இறங்குவதை அதனால் பெரிதாகத் தடுக்க முடியாது. அதனால் இன்னும் அறை தேர்வு செய்யவில்லை என்றால் நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். உச்சித்தளத்து பால்கனி அறைக்குக் கூடுதல் காசு கொடுத்து, அந்த ஆட்டத்தையும் சேர்த்து வாங்காதீர்கள்.

சூறாவளி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லிப் பயமுறுத்துவார்கள். அட்லாண்டிக் சூறாவளிக் காலம் நவம்பர் 30 வரை, உச்சம் செப்டம்பரில். நீங்கள் போவது அதன் வால்பகுதியில். புயல் பல நாட்களுக்கு முன்பே தெரிந்துவிடும், அது நகரும் வேகத்தைவிடக் கப்பலின் வேகம் பெரும்பாலும் அதிகம், கேப்டன் சுற்றிக்கொண்டு போய்விடுவார். விளைவு என்னவென்றால் ஒரு துறைமுகம் ரத்தாகலாம், அல்லது ஒன்றிரண்டு நாள் தாமதமாகலாம். அதனால் இரண்டு பேரும் தினசரி சாப்பிடும் மாத்திரைகளை 3 வாரப் பயணத்துக்கு 4 வாரக் கணக்கில் எடுத்துப் போங்கள், அதுவும் கைப்பையில். பெட்டியில் போட்டு ஒப்படைத்துவிட்டு முதல் நாள் மாலைவரை தேடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

உங்களுக்கு என்ன மருந்து? மெக்ளிசின் 25 மில்லிகிராம், கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், பிறகு தினம் ஒன்று, முதல் மூன்று நாட்களுக்கு. முன்னால் போடுவதுதான் முக்கியம். குமட்டல் ஆரம்பித்த பிறகு இரைப்பையின் வேலையே மந்தமாகிவிடும், விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும், அல்லது வெளியே வந்துவிடும். அந்த நிலைக்குப் போய்விட்டால் கப்பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், அதில் கூச்சம் வேண்டாம். மாத்திரை தூக்கம் வரவைக்கும், அந்த நாட்களில் ஒயின் வேண்டாம். மூன்று நாளில் பெரும்பாலோரின் மூளை அசைவுக்குப் பழகிவிடும், அப்புறம் மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். கடல் மறுபடி சீறினால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். இஞ்சி சிலருக்கு உதவுகிறது, கெடுதல் இல்லை, ஆனால் மலைப்பாதை பஸ்ஸிலேயே வாந்தி எடுப்பவர் இஞ்சியை மட்டும் நம்பி அட்லாண்டிக்கில் இறங்கக் கூடாது. ஆட்டம் அதிகமான நேரத்தில் அறைக்குள் உட்கார்ந்து போனைப் பார்க்காதீர்கள். நடுத்தளத்தில் வெளியே வந்து தொடுவானத்தைப் பாருங்கள், முடியாவிட்டால் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சர்க்கரைதான் எனக்கு அலையைவிடப் பெரிய விஷயம். என்ன மாத்திரை என்று எழுதவில்லை. கிளிமிபிரைடு வகை என்றால், அதைப் போட்டுவிட்டுச் சாப்பிட முடியாமல் வாந்தி எடுத்தால் சர்க்கரை கிடுகிடுவென இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் வரும், சுற்றியிருப்பவர்கள் "கடல் ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுவார்கள். குளுக்கோமீட்டர் கட்டாயம் வேண்டும், படுக்கையருகே சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். மெட்ஃபார்மின் அல்லது பெயர் "-கிளிஃப்ளோசின்" என்று முடியும் மாத்திரை என்றால், வாந்தி நிற்காத நாளில் அதை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். எதை எப்போது நிறுத்துவது என்று உங்கள் டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கணவரின் ரத்த அழுத்த மாத்திரையில் நீர் பிரியும் மருந்து சேர்ந்திருந்தால் அவருக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

வெயில் ஏமாற்றும். காற்று பின்னாலிருந்து கப்பலின் வேகத்திலேயே வீசும் நாளில் மேல்தளத்தில் காற்றே இல்லாதது போல இருக்கும், புழுக்கம் தாங்காது. கிளம்பும்போது ஸ்வெட்டர் போட்டிருந்தவர் ஒரு வாரத்தில் அங்கே நிற்பார், ரத்த அழுத்த மாத்திரை வேறு, சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எதிர்க்காற்று நாளில் நேர்மாறு: குளிர்ச்சியாக இருக்கிறதே என்று நின்றால் மாலையில் மூக்கும் காதும் தோல் உரியும். தொப்பி, தண்ணீர், மதிய நேரத்தில் நிழல்.

கப்பலில் எலும்பு முறியப் பெரும்புயல் வேண்டியதில்லை, இரவில் பாத்ரூம் போகும்போது தடுக்கி விழுந்தாலே போதும். அறைக்கும் பாத்ரூமுக்கும் இடையே ஒரு நிலைப்படி உயர்ந்து நிற்கும், புராஸ்டேட் காரணமாக உங்கள் கணவர் இரவில் மூன்று நான்கு முறையாவது அதைத் தாண்டுவார் என்று நினைக்கிறேன். சின்ன விளக்கு ஒன்று எரியட்டும், ரப்பர் செருப்பு, ஒரு கை எப்போதும் கைப்பிடியில். டெக்குக்குப் போகும் கனமான கதவில் விரலை வைக்காதீர்கள், காற்று அறைந்து சாத்தும்.

கடல் அமைதியாக இருக்கும்போது வாந்தி வந்தால், அதோடு வயிற்றுப்போக்கும் இருந்தால், அது அலை அல்ல, கிருமி. நோரோ வைரஸ் கப்பலில் சட்டென்று பரவும், சானிட்டைசர் அதற்குப் போதாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், மறைக்காமல் கப்பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போவது எல்லாம் குமட்டல் கணக்கில் சேராது, உடனே கூப்பிடுங்கள். நடுக்கடலில் சில நாட்கள் ஹெலிகாப்டர் எட்டாத தூரத்தில் இருப்பீர்கள், அதனால் மருத்துவக் காப்பீட்டில் கப்பலிலிருந்து இடமாற்றும் செலவு உண்டா என்று இப்போதே பாருங்கள்.

இறங்கிய பிறகு தரை ஆடுவது போல ஒன்றிரண்டு நாள் இருக்கும், அது தானே போய்விடும். ஒரு மாதம் தாண்டியும் ஆடினால் காட்டுங்கள்.

ஒரு வேலை மட்டும் கிளம்புவதற்கு முன்பே செய்துவிடுங்கள்: வண்டி ஓட்ட வேண்டியிராத ஒரு நாளில் வீட்டிலேயே ஒரு மெக்ளிசின் போட்டுப் பாருங்கள். நாள் முழுக்கத் தூங்கி வழிந்தால் வேறு மாத்திரை மாற்றித்தரச் சொல்ல நேரமிருக்கும்.